ரெண்டு சர்வர், ஒரு மாப்பிள்ளை

ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க போனை நான் எட்டிப் பாக்கலீங்க. பஸ்ஸு குலுங்குச்சு, கண்ணுல பட்டுருச்சு. 'பேக்கப் எடுக்கவா'ன்னு கேக்குதில்லீங்க? வேண்டாம்னு அமுக்குங்க. நான் சொல்றேன், அமுக்குங்க. ஒண்ணு இருந்தா ஒண்ணு இருக்கட்டும். போச்சுன்னா போகட்டும். ரெண்டா வெச்சா அப்பறம் நீங்க ரெண்டுக்கும் பதில் சொல்லோணும். நான் பட்டிருக்கறேன்.

இல்லீங்க, ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்குக் காத்துப் பட்டா முடி கலைஞ்சுரும். இன்னைக்குக் கலையக் கூடாதுங்க. காங்கேயத்துல ஒரு பொண்ணு வீட்டுக்குப் போறேன். என்ற கல்யாணம் நடக்குதா நிக்குதான்னு இன்னைக்குத் தெரிஞ்சுரும்.

என்ற பேரு சென்னியப்பன். ஈரோட்டுல 'குலைவாழை திருமணத் தகவல் மையம்' தெரியுங்களா? அதுக்கு நான்தான் மேனேஜர். ஊருல எத்தனை பேரு என்ற கையால குடும்பமாகி, கொழந்தை குட்டியோட வந்து கும்புட்டுட்டுப் போறாங்க தெரியுங்களா. எனக்கு மட்டும் இன்னும் ஆகலீங்க. ஓட்டல்காரன் பட்டினி கெடக்கற மாதிரின்னு ஆபீஸ்ல சிரிப்பாங்க. சிரிக்கட்டும். அவங்க கல்யாணத்தையும் நான்தான் பண்ணி வெச்சேன்.

எல்லாம் ஒழுங்காத்தாங்க போயிட்டிருந்துச்சு, அந்த நஸீரு வர்ற வரைக்கும். நஸீரு எங்க கம்ப்யூட்டர் இன்ஜினியரு. நல்ல பையன்தான், ஆனா வாயைத் தொறந்தா நல்ல வார்த்தை வராது. எங்க ஓனரம்மா ஜெயக்கொடியம்மாகிட்ட வந்து, 'ஆத்துல வெள்ளம் வந்தா என்ன பண்ணுவீங்க, தீப்புடிச்சா என்ன பண்ணுவீங்க, ஆபீஸ் இடிஞ்சா என்ன பண்ணுவீங்க'ன்னு கேக்கறான். கல்யாண ஆபீஸுங்க அது! வாசல்ல மாவிலை கட்டியிருக்கு! அந்தம்மா பயந்துட்டாங்க. ஜாதகம் பூராவும் ஒரே சர்வர்ல இருக்குது, அது போச்சுன்னா ஆயிரக்கணக்கான பேரு கல்யாணம் அந்தரத்துல நிக்கும்னு சொன்னானா, அவங்களும் சரின்னுட்டாங்க. அதே மாதிரி இன்னொரு சர்வர் வாங்கித் தாராபுரம் பிராஞ்சுல வெச்சாங்க. ஒரே ஊருல வெச்சா ரெண்டும் ஒண்ணாப் போயிருமாம். இங்க நான் ஒரு எழுத்துத் தட்டுனா அங்கயும் அதே எழுத்து விழுகும். அதான் ஏற்பாடு.

புது சர்வருக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வெச்சுத்தான் தாராபுரத்துக்குத் தாட்டி விட்டோம். நானே வெச்சேன். குங்குமம் உள்ள போயிருச்சுன்னு நஸீரு கத்துனான். கத்தட்டும், எங்க முறை எங்களுக்கு.

அதோட விட்டானா? மாசம் ஒருக்கா ஒத்திகை பாக்கோணுங்கறான். என்ன ஒத்திகைன்னு கேட்டா, ஈரோட்டு சர்வர் செத்துப்போச்சுன்னு வெச்சுக்கிட்டு, தாராபுரம் சரியா எடுத்து நடத்துதான்னு பாக்கறதாம். ஜெயக்கொடியம்மா காதைப் பொத்திக்கிட்டாங்க. 'ஏப்பா, தாலிக்கொடி போட்டோ மாட்டியிருக்கற எடத்துல சாவுக்கு ஒத்திகை பாக்கச் சொல்றயா'ன்னாங்க. நானும் விடலீங்க. 'நீ உங்க வீட்டுல பாப்பியாடா, அப்பா செத்துட்டாருன்னு வெச்சுக்குவோம்னு?' அப்படீன்னேன். ஒத்திகையை அன்னைக்கே ரத்து பண்ணியாச்சு.

இப்ப வசந்தாமணியைப் பத்திச் சொல்லோணுங்க. தாராபுரம் பிராஞ்சைப் பாத்துக்கற பொம்பள. புருஷன், ரெண்டு கொழந்தைக எல்லாம் இருக்குது, வேற ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. நல்ல பொம்பளதான். ஆனா நெசத்தைத் தவிர வேற ஒண்ணும் பேச மாட்டா. அப்படி ஒரு ஆளை வெச்சுக்கிட்டுக் கல்யாண ஆபீஸ் நடத்த முடியுங்களா? நீங்களே சொல்லுங்க.

என்ன ஆச்சுன்னா, தை பொறந்ததும் எனக்கே ஒரு எண்ணம் வந்துச்சு. ஊரு உலகத்துக்குப் பண்ணி வெக்கறமே, நம்ம பேரை நாமளே ஏத்துனா என்னன்னு. எல்லாரும் சாப்படப் போன நேரமாப் பாத்து உக்காந்து ஏத்துனேங்க. பேரு சென்னியப்பன். வயசு முப்பத்தி நாலு. உயரம் அஞ்சடி எட்டு. கண்ணாடி இல்லை. குணம் சாந்தம்.

அப்படிப் பாக்காதீங்க. மாப்பிள்ளை பயோடேட்டால உயரம்னா எல்லாருமே கொஞ்சம் தூக்கித்தான் போடுவாங்க. அது தொழில் வழக்கம். பொண்ணு வீட்டுக்காரங்களும் மனசுக்குள்ள கழிச்சுக்குவாங்க. நான் நெசத்தைப் போட்டேன்னு வைங்க, அதுலயும் கழிப்பாங்க. அப்பறம் எனக்கு என்ன மிச்சம் இருக்கும்?

கண்ணாடி? இது படிக்கறதுக்குங்க. நடக்கறதுக்கும்.

ஏத்தி முடிச்சு நிமிர்றேன், போன் அடிக்குது. வசந்தாமணி. 'அண்ணா, யாரோ உங்க பேருல தப்பா ஏத்திட்டாங்கண்ணா. பொறந்த வருஷத்துக்கும் வயசுக்கும் சேரலீங்க. உயரமும் தப்பு. போன வருஷம் ஆயுதபூஜைக்கு என்ற பக்கத்துல நின்னீங்கல்ல, நானே உங்களைக் குனிஞ்சுதானே பாத்தேன்?' அப்படீங்கறா. என்ற ரத்தம் கொதிச்சுது. நான் ஈரோட்டுல ரகசியமா ஒண்ணு தட்டுனா அது தாராபுரத்துல கொட்டுமேளம் மாதிரிக் கேக்குது! இதுக்குப் பேரு பாதுகாப்புங்களா? ரகசியம்னு ஒண்ணு மனுஷனுக்கு வேண்டாமுங்களா?

'நான் பாத்துக்கறேன் அம்மிணி, நீ வெய்யி'ன்னு சொல்லிட்டு, எந்திரிச்சுப் போய் சர்வர் பின்னால தாராபுரத்துக்குப் போற ஒயரைப் புடுங்கிட்டேன். நீல ஒயரு. ஒரு வாரத்துக்குத்தான்னு நெனச்சேன், என்ற காரியம் முடியற வரைக்கும். அது அங்க தூங்கட்டும், இது இங்க வேலை பாக்கட்டும். இதுல என்னங்க தப்பு?

ஆனா அந்த மிஷினோட புத்தி வேற மாதிரீங்க. தாராபுரத்து சர்வர் நம்ம சர்வரைப் பாத்து 'இருக்கறயா, இருக்கறயா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்குமாம். 'இருக்கறேன்'னு பதில் வர்ற வரைக்கும் கம்முனு இருக்கும். பதில் வரலீன்னா, பெரியது செத்துப்போச்சுன்னு அதுவே முடிவு பண்ணி, தானே மெயினு ஆயிக்குமாம். இதை நஸீரு முன்னாலயே எங்கிட்டச் சொன்னானாம். சொல்லியிருப்பான். அந்நேரம் காப்பி வந்துச்சுங்க, நான் காப்பியைப் பாத்தேன்.

ஒத்திகை பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமுங்கறீங்களா? நீங்களும் நஸீரு மாதிரியே பேசறீங்க.

அப்ப ஈரோட்டுல நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறேன், என்ற சர்வரும் ஓடுது. தாராபுரத்துல வசந்தாமணி ஸ்கிரீன்ல 'முதன்மை சர்வர் இல்லை, இனி இதுவே முதன்மை'ன்னு வருது. அவ உடனே எனக்குப் போன் போட்டா. நான் எடுக்கலீங்க. எதுக்கு எடுக்கோணும்? மறுபடியும் உயரத்தைப் பத்திப் பேசுவா. என்ற போனுக்கும் 'எச்சரிக்கை, எச்சரிக்கை'ன்னு மெசேஜ் வந்துக்கிட்டே இருந்துச்சு. மேனேஜர் போனுக்குத்தான் வர்ற மாதிரி நஸீரு வெச்சிருந்தான். சத்தத்தை அணைச்சு வெச்சுட்டேன். மனுஷன் நிம்மதியா இருக்கோணுமில்லீங்க?

அவ என்ன பண்ணியிருக்கறா தெரியுங்களா? நான் போனை எடுக்கலியா, 'அண்ணனுக்கு வேலை எச்சு போலிருக்குது, நம்மளே திருத்தி வெப்போம்'னு என்ற பயோடேட்டாவை அங்க திருத்தியிருக்கறா. வயசு முப்பத்தி ஒம்பது. உயரம் அஞ்சடி நாலு. கண்ணாடி உண்டு. குணம், கேளுங்க, குணம்: 'கோபம் வரும், பத்து நிமிஷத்துல அடங்கிரும், அப்பறம் அவரே காப்பி வாங்கிக் குடுப்பாரு.' இப்படி எந்த மாப்பிள்ளைக்காவது பயோடேட்டா எழுதுவாங்களா? போட்டோவையும் மாத்திட்டா. நான் இருவத்தஞ்சு வயசுல ஸ்டுடியோவுல கோட்டுப் போட்டு எடுத்த போட்டோ அது! அதைத் தூக்கிட்டு, ஆயுதபூஜைக்கு நான் திருஷ்டிப் பூசணிக்காயைத் தூக்கிக்கிட்டு நிக்கற போட்டோவைப் போட்டிருக்கறா. நெத்தி நிறைய வேர்வை. வாய் வேற தொறந்திருக்குது.

எனக்கு இது ஒண்ணுமே தெரியாதுங்க. நான் பாட்டுக்கு ஈரோட்டு சர்வர்ல தேடி, பவானில ஒரு நல்ல எடம் புடிச்சு, ஞாயித்துக்கெழம வீடு பாக்க வரச் சொல்லிட்டேன். எங்க பக்கம் அப்படித்தானுங்களே, பொண்ணு வீட்டுக்காரங்க மொதல்ல மாப்பிள்ளை வீட்டைப் பாத்துட்டுப் போவாங்க. எங்கம்மா காலையில இருந்து பஜ்ஜிக்கு மாவு கரைச்சுக்கிட்டு இருந்தாங்க. நானும் செருப்புக்குள்ள அட்டை வெச்சு, முடியைத் தூக்கிச் சீவி, தயாரா நிக்கறேன்.

கார் வந்துச்சு. பவானிக்காரர் எறங்குனாரு, நல்ல ஆஜானுபாகுவான மனுஷன். என்னைப் பாத்து, 'தம்பி, மாப்பிள்ளையைக் கூப்புடுங்க'ன்னாரு. 'நான்தானுங்க'ன்னேன். அவரு என்ற தலைக்கு மேல, கதவு நிலையைப் பாத்துக்கிட்டே நின்னாரு, மிச்சம் பின்னால வருதோன்னு. அப்பறம் உள்ள வந்து உக்காந்தாரு. பஜ்ஜியை மட்டும் தட்டுத் தட்டாச் சாப்பிட்டாங்க. குடும்பமே நல்லாச் சாப்பிட்டாங்க.

அந்நேரம் பாத்து வாசல்ல இன்னொரு கார்.

எனக்கு யாருன்னே தெரியல. பக்கத்து வீட்டுக்கு வந்தவங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். எறங்குன பெரியவரு கையில ஒரு காயிதம். காயிதத்தைப் பாக்கறாரு, என்னைப் பாக்கறாரு. மறுபடியும் காயிதத்தைப் பாக்கறாரு. 'இதோ இவருதான்! பூசணிக்காய்க்காரரு!'ன்னு சந்தோசமாக் கத்துனாருங்க. காங்கேயத்துக்காரங்க. அவங்க தாராபுரம் பிராஞ்சுல பதிஞ்சவங்க, வசந்தாமணி காட்டுன பயோடேட்டாவைப் பாத்துட்டு வந்திருக்கறாங்க. எனக்குத் தகவல் சொல்ல அவ போன் போட்டிருப்பா போல, நான்தான் எடுக்கறதில்லையே. பவானிக்காரரு காயிதத்தை வாங்கிப் பாத்தாரு. நான் அனுப்புன காயிதத்தையும் எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பாத்தாரு. 'ஒரே வீட்டுல ரெண்டு மாப்பிள்ளையா, இல்ல ஒரு மாப்பிள்ளைக்கு ரெண்டு உயரமா'ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அவரு சம்சாரம் போகறப்ப ஒரு பஜ்ஜியைக் கையிலயே எடுத்துக்கிட்டுப் போச்சு.

காங்கேயத்துக்காரங்க போகலீங்க. 'எழுதியிருக்கற மாதிரியே இருக்கறாரு. இந்தக் காலத்துல இப்படி யாரு நெசம் எழுதறாங்க'ன்னு எங்கம்மாகிட்ட என்னைப் புகழறாங்க. எங்கம்மா என்னைத் திரும்பிப் பாத்தாங்க. நான் பஜ்ஜியைப் பாத்தேன். அன்னைக்கு நான் ஒண்ணும் சொல்லலீங்க. பெரியவங்க புகழறப்ப குறுக்க பேசக் கூடாதில்லீங்களா?

பொண்ணு பேரு கோகிலவாணி. தேங்கெண்ணெய் மில்லுல சூப்பர்வைசரு. கொப்பரையைக் கையில எடுத்தாலே அதுல எத்தனை ஈரம் இருக்குதுன்னு சொல்லிருமாம். அடுத்த வாரம் அவங்க வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்தோம். அன்னையில இருந்து தினமும் போன்ல பேசிட்டிருந்தோங்க. அது என்னை 'பூசணி'ன்னுதான் கூப்புடும். வேற யாராச்சும் அப்படிக் கூப்பிட்டிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது. அது கூப்புட்டா சிரிப்பு வருது. ஒருக்கா எனக்குக் கோவம் வந்து கத்திட்டேன். கொஞ்ச நேரங் கழிச்சு அது, 'பத்து நிமிஷம் ஆச்சுங்க, காப்பி எங்க'ன்னு கேட்டுச்சு. எனக்கு அந்தப் பொண்ணை நெம்பப் புடிச்சுப்போச்சுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நெம்ப.

எல்லாம் கூடி வந்துச்சு. சித்திரைல நிச்சயம் பண்ணலாம்னு பேச்சு. வசந்தாமணி அங்க 'வரன் முடிவானது'ன்னு மார்க்குப் போட்டுட்டா. அப்பத்தான் நஸீரு வந்தான்.

வந்து சர்வர் பின்னால எட்டிப் பாத்தான், நீல ஒயரு தொங்குது. தலையில கை வெச்சுக்கிட்டான். 'யாரு புடுங்குனது'ன்னான். எலியா இருக்கும்னேன். ரெண்டு மாசமா ரெண்டு சர்வரும் தான்தான் மெயினுன்னு ஓடிக்கிட்டிருக்குது, ரெண்டையும் ஒண்ணாச் சேக்கோணும்னு உக்காந்தான். முந்தாநாள் நடந்ததுங்க இது. ஆபீஸ்ல அத்தனை பேரும் சுத்தி நிக்கறாங்க, ஜெயக்கொடியம்மா சேர் போட்டு உக்காந்திருக்கறாங்க, போன் ஸ்பீக்கர்ல வசந்தாமணி.

'நீங்க புதுசா ஏத்துனவங்க வேற, அவங்க ஏத்துனவங்க வேற, எல்லாம் அழகாச் சேந்துருச்சு'ன்னான் நஸீரு. 'ஒரே ஒரு ஆளு மட்டும் இடிக்கறாரு. ரெண்டு பக்கமும் இருக்கறாரு, ரெண்டு பக்கமும் வேற மாதிரி இருக்கறாரு. எது நெசம்னு சொல்லுங்க, இன்னொண்ணை அழிச்சுடறேன்' அப்படீன்னு ஸ்கிரீனைத் திருப்புனான். ஒரு பக்கம் கோட்டுப் போட்ட நானு. இன்னொரு பக்கம் பூசணிக்காயோட நானு.

ஒருத்தனும் சிரிக்கலீங்க. சிரிச்சிருந்தாக்கூடப் பரவால்ல. ஜெயக்கொடியம்மா என்ற முகத்தைப் பாத்து, 'சென்னியப்பா, நல்லா யோசிச்சுச் சொல்லு'ன்னாங்க. நானும் யோசிச்சுத்தாங்க நின்னேன். அந்நேரம் ஸ்பீக்கர்ல இருந்து வசந்தாமணி, 'அண்ணா, வேண்டாங்கண்ணா, நம்ம எழுதுனதே இருக்கட்டுங்கண்ணா'ன்னா பாருங்க. அத்தனை பேரு முன்னால! ஒரு பிராஞ்சு, ஹெட் ஆபீஸுக்குப் புத்தி சொல்றதா? 'ஈரோடுதான் மெயினு. ஈரோட்டுல இருக்கறதுதான் நெசம்'னு சொல்லிட்டேன். 'நிச்சயமாங்களா, அழிச்சா வராது'ன்னான் நஸீரு. 'அழிடா'ன்னேன்.

அழிச்சுட்டான். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள தாராபுரத்துலயும் நான் அஞ்சடி எட்டு. சாந்த சொரூபி. அதோட 'வரன் முடிவானது'ங்கற மார்க்கும் போயிருச்சு, அது அந்தப் பக்கம்தானே இருந்துச்சு. மார்க்கு இல்லாத மாப்பிள்ளைன்னா சர்வர் சும்மா இருக்காதுங்க. பொருத்தமான பொண்ணுக அத்தனை பேருக்கும் அதுவா வாட்ஸப் அனுப்பிரும், 'உங்களுக்கேற்ற புதிய வரன்'னு. நான் போட்ட திட்டந்தான் அது. நல்ல திட்டம்னு ஓனரம்மா எனக்குச் சால்வை கூடப் போத்துனாங்க.

கோகிலவாணிக்கும் போயிருச்சுங்க.

அது எனக்கு அதையே திருப்பி அனுப்புச்சு. கீழ எழுதியிருந்துச்சு: 'இவரு யாருங்க? பேரு உங்க பேரா இருக்குது. உங்களை விட ஒசரம், உங்களை விடச் சின்ன வயசு, கோவமே வராதாம். இன்னும் வரன் தேடறாராம். இவரையே பாத்துக்கட்டுமா?' அவ்வளவுதான். அப்பறம் போன் எடுக்கறதில்ல. நேத்து அவங்கப்பா போட்டாரு. பழைய சிரிப்பு இல்ல. 'நேர்ல வாங்க, பொண்ணு உங்ககிட்டயே கேக்கோணுமாம்'னு மட்டும் சொன்னாரு.

நான் நஸீருகிட்ட ஓடுனேன். பழைய பூசணிக்காயைத் திருப்பிக் குடுடா, அவங்ககிட்டக் காட்டறேன்னு கேட்டேன். 'ரெண்டு எடத்துலயும் அழிஞ்சு போச்சுங்க. இது என்ன பண்ணுதோ அதுவும் அதையே பண்ணும்'கறான். அப்பறம் என்ன மயித்துக்குடா ரெண்டு வெச்சேன்னு கத்திட்டேன். மன்னிச்சுக்கங்க, பஸ்ஸுல அப்படிப் பேசக் கூடாது. ஆனா நீங்களே சொல்லுங்க, இதுல என்ற தப்பு எங்க இருக்குது? மிஷின் தப்பு பாதி, வசந்தாமணி தப்பு பாதி. நேத்து அவகிட்டயும் கத்தலாம்னு போன் போட்டேன். நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள, 'அண்ணா, நான் வேணா வந்து பேசட்டுங்களா'ன்னு கேட்டா. எனக்கு என்னமோ அழுகை வந்துருச்சு. வெச்சுட்டேன்.

காங்கேயத்துல போய் நின்னா என்ன பேசறதுன்னு காலையில இருந்து யோசிக்கறேங்க. கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாத்தேன். நாலு வார்த்தை ஒழுங்கா வருது, அஞ்சாவதுல 'ஹெட் ஆபீஸ்'னு ஆரம்பிச்சுடறேன். அதுதான் எனக்குப் பயமா இருக்குது. அவங்க மொகத்தைப் பாத்ததும் மறுபடியும் அஞ்சடி எட்டுன்னு சொல்லிருவனோன்னு.

ஏனுங்க, நீங்க தாராபுரம்தானே போறீங்க? அவசர வேலை ஒண்ணும் இல்லையே? இல்ல, எங்கம்மாவுக்கு முட்டி வலி, வரல. இந்த மாதிரிக் காரியத்துக்கு ஒத்தையாளாப் போனா நல்லாருக்காதுங்க. உங்களைப் பாத்தா எங்க சித்தப்பா சாடையாவும் இருக்குது. நீங்க ஒண்ணும் பேச வேண்டியதில்ல. பக்கத்துல சும்மா உக்காந்திருந்தாப் போதும். அவங்க குடுக்கற காப்பியைக் குடிச்சுக்கிட்டு இருங்க.

ஆனா என்ற வாய் அடைச்சுப்போச்சுன்னா, இல்ல வேற மாதிரி எதாச்சும் அளக்க ஆரம்பிச்சுட்டேன்னா, நீங்க அந்தப் பொண்ணைப் பாத்து, ஒயரைப் புடுங்குனதுல இருந்து நான் உங்ககிட்ட என்ன சொன்னனோ அதை அப்படியே சொல்லிருங்க. ஒண்ணு விடாமச் சொல்லிருங்க. இப்ப எல்லாம் உங்களுக்கும் தெரியுமில்லீங்களா?

காங்கேயம் வந்துருச்சு. பாத்து எறங்குங்க சித்தப்பா.